ஊரடங்கு நிவாரணம் வீடு வந்து சேர: சேலம் நகருக்கும் ஏற்காட்டு மலைக்கிராமங்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு தொடங்கியதிலிருந்து 2021 கோடை முடியும்வரை, ஏற்காட்டு மலைக்கிராமங்களிலும் அடிவாரத்திலும் சேலம் நகரத் தெருக்களிலும் மனு எழுதிக் கொடுத்தேன், படிவம் நிரப்பினேன், வங்கி வாசலில் பலரோடு சேர்ந்து நின்றேன். உதவி கிடைக்காமல் நின்றவர்களில் பெரும்பாலானோர் முழுத் தகுதி உள்ளவர்கள். ஒரு தொலைபேசி எண் மாறியிருந்தது, ஒரு பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தது, ஒரு குழந்தையின் பெயர் அட்டையில் ஏறாமல் இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

நிவாரணம் பட்டியலைப் பார்த்துத்தான் வருகிறது. அறிவிப்பு வெளியாகும் நாளில் அந்தப் பட்டியல் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு திருத்தலாம் என்றால் பஸ் ஓடாது, இ-சேவை மையம் பூட்டியிருக்கும், ஆதார் மையத்தில் ஆள் இருக்காது. மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளை நடந்து இறங்கி வந்து, மூடிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனவே இங்கே சொல்லப்போகும் வேலைகளில் பெரும்பகுதி, எல்லாம் திறந்திருக்கும் சாதாரண நாட்களில் செய்ய வேண்டியவை. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். எல்லோரும் வங்கியில் தொடங்குகிறார்கள். வங்கி ஐந்தாவதாக வர வேண்டியது.

1. உங்கள் வீடு எந்தப் பட்டியல்களில் இருக்கிறது என்று எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். பெயருக்கு எதிரே நான்கு கட்டம் போடுங்கள்: குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, நலவாரியம், ஓய்வூதியம். இந்த நான்கு வழிகளில்தான் இரண்டு ஊரடங்குகளிலும் உதவி வந்தது.

குடும்ப அட்டை வழியாக வந்தது பெரிது. 2020 ஏப்ரலில் தமிழக அரசு அரிசி அட்டை ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாயும், விலையில்லா அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் கொடுத்தது. 2021இல் அரிசி அட்டைக்கு 4,000 ரூபாய். மே மாதம் 2,000, ஜூனில் 2,000. ஜூன் தவணையோடு 14 மளிகைப் பொருள் கொண்ட பையும் வந்தது. மத்திய அரசின் இலவசத் தானியத் திட்டத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ.

வங்கி வழியாக, ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு 2020 ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் தலா 500 ரூபாய் வந்தது. உஜ்வலா எரிவாயு இணைப்பு உள்ளவர்களுக்கு மூன்று சிலிண்டருக்கான தொகை வந்தது. நலவாரியம் வழியாக, பதிவு செய்த கட்டுமானத் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர் உள்ளிட்டோருக்கு 2020இல் தனியாக 1,000 ரூபாய் கிடைத்தது. தேசிய சமூக உதவித் திட்டத்தின் கீழ் ஓய்வூதியம் பெற்ற முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்குக் கூடுதலாக 1,000 ரூபாய் இரண்டு தவணையில் வந்தது.

ஒரே வீட்டுக்கு நான்கு வழியிலும் வரலாம். ஒன்று கிடைத்தால் மற்றொன்று கிடையாது என்று பலர் தாங்களாகவே நினைத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். கொத்தனார் ஒருவர், அவருடைய ஜன்தன் கணக்குள்ள மனைவி, விதவை ஓய்வூதியம் வாங்கும் தாய், இவர்கள் சேர்ந்து வாழும் ஓர் அரிசி அட்டை வீடு நான்கு கட்டத்திலும் இருக்கிறது. எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அதுதான் உங்கள் வேலை.

2. காகிதங்களை ஒரே உறையில் சேருங்கள்

குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், நூறு நாள் வேலை அட்டை, நலவாரிய அட்டை, குழந்தைகளின் பிறப்புச் சான்று, எரிவாயுப் புத்தகம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல் எடுங்கள். ஊரடங்கில் முதலில் மூடுவது ஜெராக்ஸ் கடை.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏற்காட்டுப் பனியும் மழையும் காகிதத்தைத் தின்றுவிடும். டிரங்குப் பெட்டிக்குள் துணியோடு துணியாக மடித்து வைத்த ஆதாரில் மடிப்பு விழுந்த இடத்தில் பூஞ்சை பிடித்து, எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தெரியாமல் போயிருந்தது ஒரு வீட்டில். தடிமனான பாலித்தீன் உறையில் மடிக்காமல் வையுங்கள். உறையின் வெளியே தாள் ஒட்டி அட்டை எண், கணக்கு எண், பதிவு செய்த தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். ஏடிஎம் ரகசிய எண்ணை அதில் எழுதாதீர்கள்.

3. தொலைபேசி எண்ணும் ஆதாரும்

இதுதான் அடித்தளம். குடும்ப அட்டையில் எதைத் திருத்த வேண்டுமானாலும் பதிவு செய்த எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். அந்த எண் கையில் இல்லாவிட்டால் அடுத்த எந்த வேலையும் நகராது.

பெரும்பாலான வீடுகளில் அட்டையில் உள்ள எண் மகனுடையது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார், அல்லது பெங்களூருவில் கட்டட வேலையில் இருப்பார். இங்கே இ-சேவை மையத்தில் அம்மா உட்கார்ந்திருக்க, ஓடிபி அங்கே போகும். அவர் வேலை முடித்துப் பார்ப்பதற்குள் நேரம் கடந்துவிடும். வேறு சில வீடுகளில் சிம் அட்டைக்குப் பணம் போடாமல் விட்டு, அந்த எண் வேறொருவருக்குப் போயிருந்தது. அப்போது இன்னும் சிக்கல். ஊரிலேயே இருக்கும் ஒருவருடைய எண்ணை, முடிந்தால் வீட்டுப் பெண்ணுடைய எண்ணை, அட்டையிலும் ஆதாரிலும் வங்கியிலும் ஒரேபோலக் கொடுங்கள். அந்த எண்ணை மாற்றாமல் வைத்திருங்கள்.

ஆதாரில் எண் சேர்ப்பதை ஆதார் மையத்தில் நேரில் செய்துகொள்ளலாம். ஆகவே மலையிலிருந்து ஒரு நாள் ஒதுக்கி இறங்கும்போது இதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் பெயரின் எழுத்தையும் பார்த்துவிடுங்கள். ஆதாரில் செல்வி, வங்கியில் செல்வியம்மாள், குடும்ப அட்டையில் வேறு தலைப்பெழுத்து என்று மூன்று விதமாக இருந்தால், கணினிக்கு அவர்கள் மூன்று பேர். ஆதாரை முதலில் சரிசெய்து, அதைக் காட்டித்தான் மற்ற இரண்டையும் சரிசெய்ய வேண்டும். தலைகீழாகச் செய்தவர்கள் இரண்டு முறை அலைந்தார்கள்.

குழந்தைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும். இதைப் பலர் பள்ளியில் கேட்கும்போதுதான் கவனிக்கிறார்கள்.

கைரேகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து ரேஷன் கடைகளில் விரல் வைக்கும் முறை வந்தது. காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கும், செவ்வாய்ப்பேட்டை பக்கம் கொலுசுப் பட்டறைகளில் அமிலத்தில் கை நனைப்பவர்களுக்கும் ரேகை மழுங்கியிருக்கும். நாகலூர் பக்கம் ஒரு மூதாட்டி. நாற்பது ஆண்டு காப்பிப் பழம் பறித்த கை. வலது கட்டை விரலை வைத்தார், ஆள்காட்டி விரலை வைத்தார், இயந்திரத்தில் சிவப்பு விளக்குதான் எரிந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, அவர் முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து அழுத்தினார். அழுத்த அழுத்த ரேகை தட்டையாகிக் கெட்டுப்போகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வெந்நீரில் கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெதுவாக வைக்கச் சொன்னபோது இடது மோதிர விரல் விழுந்தது. அன்றே அவருடைய அட்டை உறையில் "இடது மோதிரம்" என்று எழுதி வைத்தோம். அதன் பிறகு அவர் நேராக அந்த விரலையே வைத்தார்.

உங்கள் வீட்டு முதியவருக்கு எந்த விரல் விழுகிறது என்று கூட்டமில்லாத ஒரு நாளில் சோதித்து எழுதி வையுங்கள். எந்த விரலும் விழாவிட்டால் ஓடிபி வழியாகப் பொருள் தரக் கேளுங்கள். அதற்குத்தான் எண் சரியாக இருக்க வேண்டும் என்று முதலில் சொன்னேன். கடைக்கு நடந்து வரவே முடியாதவர்களுக்கு, வேறொருவர் வாங்கிக்கொள்ள அங்கீகாரப் படிவம் உண்டு. அதை விற்பனையாளரிடம் கேட்டு வாங்கி, ஊரடங்குக்கு முன்பே கொடுத்து வையுங்கள்.

4. குடும்ப அட்டை: எழுத்தைப் படியுங்கள், தலைகளை எண்ணுங்கள்

ஸ்மார்ட் அட்டையில் ஆங்கிலத்தில் ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும். பி.எச்.எச். என்றால் முன்னுரிமை அட்டை. அதோடு ஏ.ஏ.ஒய். சேர்ந்திருந்தால் அந்தியோதயா, வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் மாதம் 35 கிலோ அரிசி. என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமை இல்லாத, ஆனால் அரிசி வாங்கும் அட்டை. கடைசியில் எஸ் என்று இருந்தால் சர்க்கரை அட்டை. என்.சி. என்றால் எந்தப் பொருளும் கிடையாது.

2020இன் 1,000 ரூபாயும் 2021இன் 4,000 ரூபாயும் அரிசி அட்டைக்குத்தான் வந்தன. சர்க்கரை அட்டை வைத்திருந்த ஏழைக் குடும்பங்கள் வெறுங்கையோடு நின்றன. "ரேஷன் அரிசி நாங்கள் சாப்பிடுவதில்லை" என்று என்றைக்கோ ஒருநாள் சொல்லி சர்க்கரை அட்டை வாங்கியவர்கள், வேலை போன பிறகு வருந்தினார்கள். சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்ற அரசு அவ்வப்போது வாய்ப்புத் தரும். 2019 நவம்பரில் அப்படி ஒன்று வந்தது, சில நாட்களில் முடிந்தும்போனது. அடுத்த முறை வரும்போது தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து, அட்டையில் உள்ள பெயர்களை எண்ணுங்கள். ஆளுக்கு 5 கிலோ என்பது அட்டையில் எழுதிய ஆளுக்கு 5 கிலோ. இரண்டு குழந்தைகளின் பெயரைச் சேர்க்காத முன்னுரிமை வீடு மாதம் 10 கிலோவை இழந்தது. அந்தத் திட்டம் 2020 ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டு மாதம் ஓடியது. 80 கிலோ தானியம், ஒரு பிறப்புச் சான்றைக் கொண்டுபோகாத காரணத்தால் போயிற்று. 2021 மே மாதம் மீண்டும் தொடங்கி 2022 டிசம்பர் வரை நீண்டதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

திருமணமாகி வந்த பெண்ணின் பெயரைச் சேர்ப்பதில்தான் அதிகத் தவறு. முதலில் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்கி, நீக்கல் சான்று வாங்க வேண்டும். அதன் பிறகே இங்கே சேர்க்க முடியும். ஓர் ஆதார் இரண்டு அட்டையில் ஏறாது. இதை அறியாமல் நேரே சேர்க்க விண்ணப்பித்தால் நிராகரிக்கப்படும், காரணம் புரியாமல் மறுபடியும் மறுபடியும் விண்ணப்பிப்பார்கள். தனிக்குடித்தனம் போன இளம் தம்பதிகள் புது அட்டை கேட்கும்போதும் இதே வரிசைதான்: இருவரையும் பெற்றோர் அட்டையிலிருந்து நீக்கிய பிறகு புது விண்ணப்பம். தனிச் சமையலறை இருக்கிறதா என்று வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். அன்றைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுத் தோட்ட வேலைக்குப் போய்விடாதீர்கள்; பூட்டிய வீடு என்று எழுதிவிட்டால் மீண்டும் தொடக்கத்துக்குப் போக வேண்டும்.

இறந்தவர் பெயரை நீக்கினால் அட்டையே ரத்தாகும் என்று ஒரு பயம் மலையில் பரவலாக இருக்கிறது. அப்படி ஆகாது. குடும்பத் தலைவர் இறந்திருந்தால் தலைவரை மாற்றக் கேளுங்கள். மறைத்து வைத்தால் எப்போதாவது நடக்கும் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வீர்கள்.

5. வங்கிக் கணக்கு

மூன்று கேள்விகளைக் கிளையில் நேரில் கேளுங்கள்.

முதல் கேள்வி: இது ஜன்தன் கணக்கா? இருப்புத்தொகை தேவைப்படாத கணக்கெல்லாம் ஜன்தன் கிடையாது. 2020இல் 500 ரூபாய் வராத பெண்கள் பலர் வைத்திருந்தது சாதாரண சேமிப்புக் கணக்கு. புத்தகத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டாவது: கணக்கு உயிரோடு இருக்கிறதா? இரண்டு ஆண்டுக்கு மேல் போடாமல் எடுக்காமல் விட்ட கணக்கு முடங்கிவிடும். பணம் வந்து கணக்கில் விழுந்திருந்தும் எடுக்க முடியாமல், ஆவணம் கொடுக்கக் கிளைக்குப் போக வழியில்லாமல் தவித்தவர்கள் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நூறு ரூபாய் போட்டு எடுத்தாலே போதும். ஏற்காட்டு டவுனுக்கு வரும் நாளில் செய்துவிடலாம்.

மூன்றாவது: அரசுப் பணம் எந்தக் கணக்கில் விழும்? ஆதார் எண்ணைப் பார்த்து அனுப்பும் தொகை ஒரே ஒரு கணக்குக்குத்தான் போகும். நீங்கள் கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை நேரடி மானியத்துக்கு இணைக்க ஒப்புக்கொண்டீர்களோ அந்தக் கணக்கு. சுயஉதவிக் குழுக் கடனுக்காகவோ நகைக்கடனுக்காகவோ புதிய கணக்கு திறந்தபோது கையெழுத்திட்ட தாளில் அந்த ஒப்புதலும் இருந்திருக்கலாம். வழக்கமான கணக்கில் பணம் வரவில்லை என்று புகார் செய்த ஒரு பெண்ணின் ஏழு மாத எரிவாயு மானியம், அவர் மறந்தே போயிருந்த வேறொரு வங்கிப் புத்தகத்தில் இருந்தது.

உஜ்வலா பற்றி ஒரு குறிப்பு. 2020 ஏப்ரலில் சிலிண்டருக்கான தொகை முன்பணமாகக் கணக்கில் வந்தது. அதை எடுத்துச் சிலிண்டர் வாங்கினால்தான் அடுத்ததற்கான பணம் வரும். வீட்டில் விறகு இருக்கும் மலைக்கிராமங்களில் அந்தத் தொகையை எடுத்து மளிகைக்குச் செலவிட்டார்கள். பசி அப்படி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த தவணை நின்றுபோனதன் காரணம் அதுதான் என்று யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை. இதுபோன்ற நிபந்தனை இருக்கிறதா என்பதை அறிவிப்பு வந்த அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

6. நலவாரியப் பதிவு

சேலத்தில் இதைத்தான் மக்கள் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். கட்டுமானத் தொழிலாளர்களுக்கு மட்டும் வாரியம் என்று நினைக்கிறார்கள். கைத்தறி நெசவாளர், விசைத்தறித் தொழிலாளர், ஓட்டுநர், தையல்காரர், வீட்டு வேலை செய்பவர், சலவைத் தொழிலாளர், முடி திருத்துபவர், சமையல் தொழிலாளர் என்று தொழில்வாரியாக வாரியங்கள் உள்ளன. அம்மாபேட்டையில் தறி நெய்பவருக்கும், நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கும் இடம் உண்டு. 18 வயது முதல் 60 வயதுக்குள் பதிய வேண்டும்.

வேலைச் சான்றுதான் தடை. பட்டறை உரிமையாளர் கையெழுத்திடத் தயங்குவார், கையெழுத்திட்டால் பி.எஃப். கேட்பார்கள் என்று அஞ்சுவார். உரிமையாளரோடு சண்டையிடாமல், தொழிற்சங்கத்திடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சான்று கேட்கும் வழி இருக்கிறதா என்று தொழிலாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பதிவு செய்தாயிற்று என்று அட்டையைப் பீரோவில் வைத்துவிடக் கூடாது. அட்டையில் புதுப்பிக்கும் தேதி இருக்கும். காலாவதியான அட்டைக்கு நிவாரணம் வரவில்லை. கொத்தனார், சித்தாள், பெயிண்டர் என்று ஒரே தெருவில் பலர் அட்டையை நீட்டினார்கள். தேதியைப் பார்த்ததும் எனக்கே தொண்டை அடைத்தது. புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவு வேறு, இது வேறு. அது நாடு முழுவதுக்குமான தொழிலாளர் பதிவேடு. பதிந்தவுடன் பணம் வராது. இரண்டிலும் இருங்கள். தள்ளுவண்டிக்காரர்களுக்கு 2020இல் வந்த 10,000 ரூபாய் கடன், திருப்பிக் கட்ட வேண்டியது. உதவித்தொகை என்று யாராவது சொன்னால் நம்பிக் கையெழுத்திடாதீர்கள்.

7. ஊரடங்கு அறிவித்த முதல் மூன்று நாள்

முதலில் அறிவிப்பை முழுதாகப் படியுங்கள், அல்லது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். யாருக்கு, எந்த அட்டைக்கு, எந்தத் தேதிவரை என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தெருவில் கேட்ட செய்தியில் இந்த மூன்றில் ஒன்று தவறியிருக்கும்.

இரண்டு ஊரடங்கிலும் டோக்கன் வீடு தேடி வந்தது. அதில் தேதியும் நேரமும் இருக்கும். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள். மலைக்கிராமங்களில் பகுதி நேரக் கடைதான். வாரத்தில் எந்த நாள் திறக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் ஊரடங்கில் நாள் மாறலாம். விற்பனையாளரின் எண்ணை முன்பே வாங்கி வைத்துக் கேட்டுவிட்டு நடங்கள்.

ஊர்விட்டு ஊர் வந்து மாட்டிக்கொண்டவர்கள், உதாரணமாகச் சேலத்தில் உறவினர் வீட்டில் தங்கிய மலைக் குடும்பம், அரிசியைத் தமிழகத்தின் எந்தக் கடையிலும் வாங்க ஒரே நாடு ஒரே அட்டை முறை உதவும். ரொக்கம் அப்படி இல்லை. டோக்கன் கொடுத்த சொந்தக் கடையில்தான்.

கடையில் பையை வாங்கியவுடன் பொருளை எண்ணுங்கள். 14 பொருள் என்றால் 14 இருக்க வேண்டும். வீட்டுக்குப் போய் எண்ணினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். உங்கள் எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தியில் எத்தனை கிலோ பதிவாகியிருக்கிறது என்று அங்கேயே பாருங்கள். வாங்காத பொருளுக்குச் செய்தி வந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். அதுதான் புகாருக்குச் சான்று.

8. பணம் எடுக்கும்போது

2020 ஏப்ரலில் ஜன்தன் பணத்தைக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து நாள் பிரித்துப் போட்டார்கள்: 0, 1 என்று முடிபவர்களுக்கு 3ஆம் தேதி, 2, 3க்கு 4ஆம் தேதி, 4, 5க்கு 7ஆம் தேதி, 6, 7க்கு 8ஆம் தேதி, 8, 9க்கு 9ஆம் தேதி. இது தெரியாமல் எல்லோரும் முதல் நாளே போனார்கள். எடுக்காவிட்டால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று ஒரு வதந்தி வேறு. அப்படி நடக்காது, கணக்கில் விழுந்த பணம் உங்களுடையது, கூட்டம் குறைந்த பிறகு எடுக்கலாம்.

கிளைக்குப் போக முடியாதவர்களுக்குத் தபால்காரர் உதவுவார். அஞ்சல் துறையின் கருவியில் ஆதார் எண்ணும் விரலும் கொடுத்து வேறு வங்கிப் பணத்தையும் வீட்டிலேயே எடுக்க முடியும். தூரத்து மலைக்கிராமங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

விரல் வைத்துப் பணம் எடுக்கும் இடம் எதுவானாலும் ஒரு கட்டுப்பாடு. "விழவில்லை, இன்னொரு முறை வையுங்கள்" என்று சொன்னால், முதல் முறைக்கான தோல்விச் சீட்டையோ திரையையோ காட்டச் சொல்லுங்கள். இரண்டு முறை விரல் வாங்கி இரண்டு முறை பணம் எடுத்து, ஒருமுறைக்கான தொகையை மட்டும் கொடுத்த சம்பவம் எங்கள் கண் முன்னே நடந்தது. சீட்டில் மிச்ச இருப்பு எவ்வளவு என்று அங்கேயே வாசிக்கச் சொல்லுங்கள். நிவாரணம் வாங்கக் கமிஷன் கிடையாது. ஓடிபியைத் தொலைபேசியில் கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

9. வீட்டில் நோயால் மரணம் நேர்ந்திருந்தால்

கொரோனாவால் இறந்தவரின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கொடுக்கப்பட்டது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் தமிழக அரசு 5 லட்சம் ரூபாய் வைப்பு போட்டது. 18 வயதில் வட்டியோடு கிடைக்கும். ஒருவரை இழந்த குழந்தைக்கு 3 லட்சம் கிடைத்தது.

இறப்புச் சான்றில் கொரோனா என்று எழுதவில்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தெளிவாகச் சொன்னது. ஆகவே பரிசோதனை முடிவு, மருத்துவமனைச் சீட்டு, மருந்துச் சீட்டு எதையும் எறியாதீர்கள். துக்க வீட்டில் மூன்றாம் நாளே பழைய காகிதங்களைக் கொளுத்திவிடுவார்கள். யாராவது ஒருவர் அந்தப் பையைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்; உறவில் படித்த பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

10. கிடைக்கவில்லையென்றால்

முதலில் கடையில் கேளுங்கள், சண்டை வேண்டாம். விற்பனையாளர் பட்டியலைத் தயாரிப்பதில்லை. எந்தக் காரணம் இயந்திரத்தில் காட்டுகிறது என்று மட்டும் கேட்டு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "பெயர் இல்லை" என்பதும் "அட்டை முடக்கம்" என்பதும் வேறு வேறு. இரண்டுக்கும் வேறு வேறு மேசை.

அடுத்து 1967 என்ற எண்ணுக்கோ 1800 425 5901க்கோ அழையுங்கள், கட்டணம் இல்லை. புகார் எண்ணை வாங்காமல் வைத்துவிடாதீர்கள். முதலமைச்சரின் உதவி மையம் 1100. பிறகு வட்ட வழங்கல் அலுவலருக்கு மனு. ஏற்காடு தனி வட்டம், ஆகவே மலைக்கிராமத்தவர்கள் சேலத்துக்கு இறங்கத் தேவையில்லை. அங்கும் தீராவிட்டால் மாவட்ட வழங்கல் அலுவலர். சாதாரண நாட்களில் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்குகிறார்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வட்ட அளவில் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. முதல் வரியில் அட்டை எண், இரண்டாவது வரியில் எந்த நிவாரணம், எந்த மாதம், மூன்றாவது வரியில் கடையில் சொன்ன காரணம், கடைசியில் தொலைபேசி எண். வறுமையை விவரித்து நான்கு பக்கம் எழுதிய மனுக்களில் அட்டை எண்ணே இல்லாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். படிக்கும் எழுத்தருக்கு முதலில் தேவை அந்த எண்.

இரண்டு நகலாக எழுதி, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். முத்திரை இல்லாத நகலைக் காட்டி அடுத்த மேசையில் பேச முடியாது. பதினைந்து நாள் கழித்து அந்த நகலோடு மறுபடியும் போங்கள். அசல் அட்டையை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டிவிட்டு, கையோடு வாங்கி, அந்தப் பாலித்தீன் உறைக்குள் திரும்ப வையுங்கள்.